அளவும் நலமும்: உடற்சமநிலை பற்றிய ஓர் அறவியல் நோக்கு

உடலில் நோவில்லை, உழைப்பிற் சோர்வில்லை, பசியும் உறக்கமும் முறைப்படி வருகின்றன. இத்தகைய ஒருவன் தன் குருதியைப் பரிசோதனைக்குக் கொடுக்கிறான். மறுநாள் கைக்கு வரும் அறிக்கையில் ஓர் எண் குறித்த எல்லையைச் சற்றே தாண்டி நிற்கிறது. நேற்றுவரை நலமுடையவனாயிருந்த அவன் இன்று நோயாளியா? ஆமெனின், அவன் நோயாளியானது உடலில் அவ்வெண் மாறியபோதா, அன்றி அது தாளிற் பதிவுபெற்றபோதா? விளையாட்டான வினாப்போல இது தோன்றலாம். ஆயின் மருத்துவத்தின் போக்கையும் மனிதர் தம் வாழ்நாளைச் செலவிடும் முறையையும் இவ்வினாவுக்கு அளிக்கப்படும் விடையே இன்று பெருமளவிற்குத் தீர்மானிக்கின்றது.

உடலின் சுரப்பிகள் குருதியிற் கலந்துவிடும் ஓமோன்களும், குளுக்கோசு, கொலஸ்திரோல் முதலிய ஏனைய குறிகாட்டிகளும் இன்று எளிதில் அளக்கப்படுகின்றன. நோயுற்றோரிடம் நோயை அறியவென உருவான இவ்வளவீடுகள் இப்போது நோயற்றோரிடமும் சென்றுள்ளன. அவ்வெண்களைக் குறையில்லாத நிலையிலிருந்து ‘மிகச் சிறந்த’ நிலைக்கு உயர்த்துவதே அறிவுடையோர் கடமை என்ற கருத்தும் பரவிவருகின்றது. குருதிக் குளுக்கோசை இரவும் பகலும் தோலின் வழியே கணிக்கும் கருவிகள், 2024ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் வைத்தியரின் சீட்டின்றியே வாங்கத்தக்கவையாயின. நீரிழிவு இல்லாதோரும் அவற்றை அணிகின்றனர். இங்கு இரு வினாக்கள் எழுகின்றன. நலம் என்பது அளவா, அன்றி அளவு சுட்டும் வேறொன்றா என்பது முதலாவது. சிறந்த அளவை நாடி வாழ்வது மனிதனின் கடமையாகுமா என்பது இரண்டாவது. முன்னது மெய்யியல் சார்ந்தது. பின்னது அறவியல் சார்ந்தது. முதலாவதற்குத் தவறான விடை கூறுவோர் இரண்டாவதிலும் தவறுவர் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

நலத்தைச் சமநிலையாகக் காணுதல் புதிய எண்ணமன்று. கிறித்துவுக்கு முற்பட்ட ஐந்தாம் நூற்றாண்டளவில் வாழ்ந்த குரோட்டன் நகரத்து அல்க்மேயோன், வெம்மை, தண்மை, ஈரம், வறட்சி முதலிய ஆற்றல்கள் சமவுரிமையுடன் இயங்குவதே நலமென்றும், அவற்றுள் ஒன்று தனியாட்சி செலுத்துவதே நோயென்றும் கருதினார். அரசியலிலிருந்து பெற்ற உவமையால் அவர் உடலை விளக்கினார். கிரேக்க மருத்துவத்தின் நால்வகை நீர்க் கொள்கையும், தமிழ் மருத்துவத்தின் வளி, அழல், ஐயம் என்ற மூன்றின் கொள்கையும் இதே அடிப்படையில் அமைந்தவை. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரமும் இம்மூன்றின் மிகுதியையும் குறைவையுமே நோய்க்குக் காரணமாகக் கொண்டு தொடங்குகின்றது. ஆயினும் அவ்வதிகாரத்தின் பெரும்பகுதி மருந்தைப் பற்றியதன்று. உணவின் அளவைப் பற்றியது. அங்கு அளவை அறியும் கருவி உண்பவனின் பசியும், முன்னுண்டது செரித்ததா என்ற அவனது உணர்வுமே. பழைய மருத்துவத்திற் பிழைகள் பல உண்டு. எனினும் சமநிலைக்குச் சான்று கூறுபவன் அந்த உடலுக்கு உரியவனே என்பதில் அதற்கு ஐயமிருக்கவில்லை.

இச்சான்றுரிமை கைமாறிய வரலாறே நவீன உடற்றொழிலியலின் வரலாறு எனலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சிய அறிஞர் கிளோட் பேர்னாட், உயிரணுக்களைச் சூழ்ந்துள்ள அகச்சூழல் மாறாது பேணப்படுவதே உயிரியின் சுதந்திர வாழ்வுக்கு அடிப்படை என்றார். 1905இல் லண்டனில் ஏணெஸ்ற் ஸ்ராலிங், குருதிவழிச் சென்று பிற உறுப்புகளைத் தூண்டும் பொருள்களுக்கு, தூண்டுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘ஓமோன்’ என்ற பெயரை வழங்கினார். அமெரிக்கரான வோல்ற்றர் கனன், உடல் தன் நிலையைத் தானே காக்கும் தன்மைக்கு 1926இல் தனிப்பெயர் சூட்டி, 1932இல் ‘உடலின் ஞானம்’ என்ற நூலில் அதனை விரித்துரைத்தார்.

இவ்வறிஞர்கள் கண்ட சமநிலை அசையாது நிற்கும் தராசுத் தட்டின் சமநிலையன்று என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. அது மிதிவண்டியோட்டுபவன் இருபுறமும் சாய்ந்து சாய்ந்து விழாது செல்வதையொத்த சமநிலை. கோட்டிசோல் என்ற ஓமோன் விடியலில் உயர்ந்து நள்ளிரவில் தாழ்கின்றது. உணவுண்டதும் குளுக்கோசு ஏறுகின்றது. இன்சுலின் சுரந்து அதனை இறக்குகின்றது. அச்சம், காதல், தேர்வு, பட்டினி ஆகிய யாவும் குருதியில் அலைகளை எழுப்புகின்றன. அவ்வலைகள் எழுந்து தணிவதே நலம். அலையெழாத குருதி உயிரற்றவனுடையது. ஆகவே ஒரு நாழிகையில் எடுத்த ஒரு துளிக் குருதியின் எண், ஓடும் ஆற்றை ஒருமுறை எடுத்த நிழற்படம் போன்றது. அது பொய்யன்று, ஆயின் அதுவே ஆறுமன்று.

எனினும் அளவீட்டைக் குறைத்து மதிப்பிடுதல் நன்றிகெட்ட செயலாகும். 1921ஆம் ஆண்டுக் கோடையில் கனடாவின் ரொறன்ரோ நகரில் பன்ரிங், பெஸ்ற் என்போர் சதையியிலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுக்கும் ஆய்வைத் தொடங்கினர். 1922 சனவரியில் லெனாட் தொம்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அது ஏற்றப்பட்டது. அதுகாறும் அத்தகைய சிறுவர்க்குக் கடும் பட்டினியுணவன்றி வேறு வழி இருக்கவில்லை. அதுவும் சாவைச் சிறிது தள்ளிவைப்பதாகவே இருந்தது. தொம்சன் 1935 வரை வாழ்ந்தான். குருதியிலும் சிறுநீரிலும் உள்ள வெல்லத்தை அளக்கும் முறை இல்லாதிருப்பின் இவ்வெற்றி இயன்றிராது.

இதனினும் வலிய சான்று குருதியமுக்கத்தின் மிகுதியாகும். அது பல்லாண்டுகள் எவ்வுணர்வையும் தராதிருந்து ஒரு நாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வெளிப்படலாம். இங்கு உடலுக்கு உரியவனின் சான்று பொய்த்துப்போக, எண்ணின் சான்றே மெய்யாகின்றது. ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்ற கூற்று நலத்திற்குப் போதிய ஆதாரமன்று என்பதை அளவை எதிர்ப்போர் ஏற்றேயாக வேண்டும். எனவே வாதம் அளவீடு வேண்டுமா வேண்டாமா என்பதன்று. அளவீடு எதன் பொருட்டு என்பதே.

குறைபட்டதை நிரப்பும் மருத்துவம், குறைபடாததை உயர்த்தும் மருத்துவமாக மாற முயன்ற வேளைகளை வரலாறு பதிந்துவைத்துள்ளது. 1889இல் பாரிசில், தம் எழுபத்திரண்டாம் அகவையில், பெயர்பெற்ற உடற்றொழிலியலாளரான பிறவுண்-செக்கார், நாய்களினதும் கினிப்பன்றிகளினதும் விதைகளிலிருந்து எடுத்த சாற்றைத் தம் உடலில் ஏற்றி, இளமையின் வலிமை திரும்பியதென அறிஞர் அவையில் அறிவித்தார். அச்சாற்றிற் பயன்தரத்தக்க அளவு ஓமோன் இருந்திருக்க முடியாது என்பது பின்னர் தெளிவாயிற்று. அவரை வலிமைப்படுத்தியது அவரது நம்பிக்கையே எனலாம்.

1966இல் அமெரிக்க வைத்தியர் றொபேட் வில்சன் எழுதிய நூலொன்று, பெண்களின் மாதவிடாய் நிறுத்தத்தை ஓர் ஓமோன் குறைபாட்டு நோயெனக் கூறி, ஈஸ்திரோஜன் கொண்டு பெண்மையை என்றும் காக்கலாமென வாக்களித்தது. கோடிக்கணக்கான பெண்கள் எதிர்கொள்ளும் வாழ்வின் ஒரு கட்டம் இவ்வாறு ஒரு நூலின் வாயிலாக நோயாயிற்று. 2002இல் ஐக்கிய அமெரிக்காவின் பெரும் ஆய்வொன்றில், ஈஸ்திரோஜனுடன் புரோஜெஸ்ரினும் பெற்ற பெண்களிடையே மார்புப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியன கூடியமை கண்டு அப்பகுதி இடைநிறுத்தப்பட்டது. இதனால் அம்மருந்தே நஞ்செனக் கொள்ளுதலும் தவறாகும். மாதவிடாய் நின்ற அண்மைய ஆண்டுகளில் கடும் வெப்பவுணர்வாலும் உறக்கமின்மையாலும் துன்புறுவோருட் பலருக்கு அதன் நன்மை தீமையினும் மிகுதி என்பது பின்வந்த ஆராய்ச்சிகளின் முடிவு. துன்பத்தைத் தீர்க்கத் தக்க மருந்தை, முதுமையைத் தவிர்க்கும் மருந்தாகக் கொண்டதே பிழை. ஆண்களின் தெஸ்தொஸ்தெரோன் பற்றியும் இவ்வாறே நிகழ்ந்தது. அகவை முதிர்வதால் மட்டும் அது குறைவோர்க்கு அம்மருந்துகள் அங்கீகரிக்கப்படவில்லை என்பதைத் தெளிவாகப் பொறிக்குமாறு 2015இல் அமெரிக்க மருந்து அதிகாரசபை உற்பத்தியாளரைப் பணிக்க வேண்டியதாயிற்று.

மெய்யியலாளர் கூர்ந்து நோக்கவேண்டிய வேறொரு வகை நிகழ்ச்சியும் உண்டு. அஃது எண் திருந்தியும் மனிதன் திருந்தாத நிகழ்ச்சி. மாரடைப்பின் பின் இதயத்தில் ஒழுங்கற்ற துடிப்புகள் தோன்றுவோர் விரைவில் இறக்கும் ஆபத்து மிகுதி என அறியப்பட்டிருந்தது. அத்துடிப்புகளை மருந்தால் அடக்கினால் இறப்பும் குறையுமென வைத்தியர் எண்ணினர். 1989இல் வெளியான ஆய்வு முடிவு அவர்களைத் திகைக்கவைத்தது. மருந்து துடிப்புகளை அடக்கியது. ஆனால் மருந்துபெற்றோரே கூடுதலாக இறந்தனர். 2006இல் ‘நல்ல கொலஸ்திரோல்’ எனப்படுவதை வெகுவாக உயர்த்திய புதிய மருந்தொன்றின் சோதனையும் இவ்வாறே இறப்பு மிகுந்தமையால் கைவிடப்பட்டது. 2008இல் நீரிழிவுடைய 10,251 பேரிடம் நிகழ்ந்த ஆய்விலும் இதுவே கண்டது. குருதி வெல்லத்தை நலமுற்றோரின் அளவுக்கே கொணர முயன்ற பிரிவில் 257 பேரும், சற்றுத் தளர்ந்த இலக்குக் கொண்ட பிரிவில் 203 பேரும் இறந்தமை கண்டு கடுமையான சிகிச்சை நிறுத்தப்பட்டது. வெல்லத்தைக் கட்டுப்படுத்தல் கண்ணையும் சிறுநீரகத்தையும் காக்கின்றது என்பது வேறு ஆய்வுகளால் நிறுவப்பட்ட உண்மை. ஆயினும் நன்றென்றதனாலேயே அதன் உச்சமும் நன்றாகிவிடவில்லை.

தருக்க நோக்கில் இங்கு நேர்ந்த பிழை பழமையானது. புகை கண்டு நெருப்பை அறிவது அனுமானம். புகையை விசிறி ஓட்டிவிட்டு நெருப்பை அணைத்ததாகக் கொள்வது மயக்கம். குறிகாட்டி நோயைச் சுட்டுகின்றது; ஆனால் சுட்டப்படுவதோடு அது எவ்விதத்தில் தொடர்புற்றது என்பதை அதுவே சொல்வதில்லை. சில எண்கள் நோயின் காரணங்கள். சில அதன் விளைவுகள். சில வெறும் உடன்தோன்றிகள். இவற்றைப் பிரித்தறியாது எல்லா எண்களையும் ஒருசேரத் திருத்தப் புகுவது, நாட்டின் வறுமையை நீக்கப் புள்ளிவிபர ஏட்டைத் திருத்துவதையொத்தது.

‘இயல்பு’ என்ற சொல்லும் ஆராயத்தக்கது. பல பரிசோதனைகளுக்கு இயல்பெல்லை வகுக்கும் முறை யாது? நலமுடையோரெனக் கொள்ளப்பட்ட பலரை அளந்து, இரு முனைகளிலும் சிறு பகுதியை விலக்கி, நடுவிலுள்ள 95 வீதத்தினரின் அளவை எல்லையாகக் கொள்வதே. ஆகவே வரைவிலக்கணப்படியே நலமுடையோருள் நூற்றுக்கு ஐவர் எல்லைக்கு வெளியில் நிற்பர். ஒருவரிடம் ஒன்றோடொன்று தொடர்பற்ற இருபது பரிசோதனைகளைச் செய்தால், அவை யாவும் எல்லைக்குள் அமையும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 36 மட்டுமே. அதாவது, மூவருள் ஏறக்குறைய இருவர் எந்நோயுமின்றியே ஏதோவோர் எண்ணுக்காகக் கவலைகொள்ள நேரும். பரிசோதனைகளின் தொகை பெருகப் பெருக நலமுடையோரின் தொகை தாளளவில் அருகிச்செல்லும் விந்தை இதுவே.

நோயின் எல்லைக்கோடு வேறுவிதமாக, எதிர்கால ஆபத்தை எடைபோட்டு வகுக்கப்படும் இடங்களும் உள. 1997இல் அமெரிக்க நீரிழிவு நிபுணர் குழு, உண்ணாநிலைக் குருதிக் குளுக்கோசின் நோயெல்லையை ஒரு டெசிலீற்றருக்கு 140 மில்லிகிராமிலிருந்து 126 மில்லிகிராமாகக் குறைத்தது. 2017இல் அந்நாட்டு வழிகாட்டிக் குறிப்புகள் மிகை குருதியமுக்கத்தின் எல்லையை 140/90 இலிருந்து 130/80 ஆகக் குறைத்தபோது, அந்நோயுடைய வளர்ந்தோரின் பங்கு ஏறத்தாழ 32 வீதத்திலிருந்து 46 வீதமாயிற்று. அன்றிரவு எவர் உடலிலும் மாற்றம் நேரவில்லை. இம்முடிவுகள் காரணமற்றவை அல்ல. தாழ்ந்த அளவுகளிலும் தீங்குண்டு என்ற சான்றுகள் அவற்றுக்கு அடிப்படையாயின. ஆயினும் எவ்வளவு ஆபத்தை நோயென அழைப்பது என்பது இயற்கை தரும் விடையன்று. மனிதர் எடுக்கும் தீர்மானம். தீர்மானம் உள்ள இடத்தில் விழுமியமும் உண்டு. யார் பயனடைவர் என்ற வினாவும் உண்டு.

பிரான்சிய மெய்யியலாளரும் வைத்தியருமான ஜோர்ஜ் கங்கிலெம், 1943இல் முன்வைத்த ஆய்வில் இச்சிக்கலுக்கு ஆழ்ந்ததொரு விடை கண்டார். அவர் கருத்தில், சராசரிக்கு இணங்கியிருத்தல் நலமன்று. சூழல் மாறும்போது தனக்கெனப் புதிய நியமங்களை வகுத்துக்கொள்ளும் ஆற்றலே நலம். நோயுறவும் நோயிலிருந்து மீளவும் இயலுதல் நலத்தின் பகுதியேயாகும். நாள்தோறும் வெயிலில் மண்வெட்டும் உழவனின் உடலும் நூலகத்தில் அமர்ந்திருக்கும் மாணவனின் உடலும் ஒரே எண்ணில் நிற்க வேண்டுமென்பதில்லை. தத்தம் வாழ்வை நடத்த அவ்வுடல்கள் போதியனவா என்பதே வினா. இவ்விளக்கத்தை ஏற்பின், நலம் என்பது அடைந்து முடிக்கும் ஓர் இலக்கன்று. பிற இலக்குகளை நோக்கிச் செல்ல உதவும் ஆற்றல் என்பது பெறப்படும்.

இதிலிருந்தே இரண்டாவது வினாவுக்கு விடை பிறக்கின்றது. ஆற்றலொன்றைப் பேணுதல் கடமையாகலாம். ஆனால் பேணுதலே வாழ்வாகிவிடின் ஆற்றல் எதற்கு? பிளேட்டோ தம் ‘குடியரசு’ நூலின் மூன்றாம் பகுதியில் ஹெரோடிக்கஸ் என்ற உடற்பயிற்சி ஆசானைச் சுட்டுகிறார். தீராத நோயுற்ற அவன் தன் உடலைக் கவனிப்பதன்றி வேறு தொழிலின்றி, வழக்கமான நியமத்திலிருந்து சற்று விலகினும் வாடி, அறிவின் துணையால் முதுமைவரை தன் சாவை நீட்டிக்கொண்டான் என்பது அங்குள்ள ஏளனம். அதற்கு மாறாக அங்கு காட்டப்படும் தச்சன், நீண்ட சிகிச்சைக்குத் தனக்கு நேரமில்லையெனக் கூறித் தன் தொழிலுக்கு மீள்கிறான். குணமடைந்தால் வாழ்கிறான், இல்லையேல் இறக்கிறான். பிளேட்டோவின் இத்தீர்ப்பிற் கொடுமை உண்டு. நாட்பட்ட நோயுடையோரின் வாழ்வு பயனற்றதென அது குறிப்பதை எவரும் ஏற்கவியலாது. இன்சுலின் ஏற்றிக்கொண்டே கற்பித்தும் உழைத்தும் பிள்ளைகளை வளர்த்தும் வாழ்வோர் அதனை மறுக்கும் சான்றுகளாவர். ஆயினும் நோயில்லாத ஒருவன் தானாக விரும்பி ஹெரோடிக்கஸின் வாழ்வை மேற்கொள்ளும்போது பிளேட்டோவின் ஏளனம் தன் கூர்மையை மீண்டும் பெறுகின்றது.

இக்கடமையுணர்வுக்கு மற்றொரு முகமும் உண்டு. சிறந்த அளவு ஒருவனின் முயற்சியாற் கிட்டுவதெனின், கிட்டாதவன் முயலாதவனாகின்றான், நோய் குற்றமாகின்றது. முற்காலத்தில் நோயைப் பழவினையின் பயனெனக் கூறி நோயாளியின் மேற் பழி சுமத்தினர். இன்று கட்டுப்பாடற்ற உணவென்றும் ஒழுங்கற்ற உறக்கமென்றும் கூறி அதே பழியைச் சுமத்துகின்றனர். இரவுமுறை வேலை செய்யும் ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணின் உறக்கத்தை அவள் தெரிந்தெடுக்கவில்லை. விலை குறைந்த மாச்சத்து உணவாற் பசி தணிக்கும் குடும்பம் தன் குருதிக் குளுக்கோசைத் தெரிந்தெடுக்கவில்லை. சமூகத்தின் ஏற்றத்தாழ்வு குருதியிற் பதியும்போது, அதனைத் தனிமனிதனின் ஒழுக்கக்கேடாக வாசிப்பது அநீதியாகும்.

இலங்கையின் அனுபவம் இவ்விடத்து இரு வகையில் ஒளிதருகின்றது. நாட்டின் தென்மேற்கு ஈரவலயத்தில் முன்கழுத்துக் கழலை நெடுங்காலம் பரவலாகக் காணப்பட்டது. அயடீன் குறைந்தமையால் தைரொயிட்டுச் சுரப்பி போதிய ஓமோனை ஆக்கவியலாது பருத்தலே அந்நோய். சுவிற்சர்லாந்து 1922இல் உப்புடன் அயடீன் சேர்க்கத் தொடங்கி வழிகாட்டியிருந்தது. இலங்கையில் 1995இல் உணவுக்கான உப்பில் அயடீன் சேர்த்தல் சட்டமாயிற்று. ஒவ்வொருவரின் குருதியையும் அளக்காமல், எவரையும் குற்றஞ்சாட்டாமல், செல்வர் வறியோர் என்ற வேறுபாடுமின்றி, ஒரு சிட்டிகை உப்பினூடாக இலட்சக்கணக்கானோரின் ஓமோன் சமநிலை பேணப்பட்டது. தனிமனிதர் தனித்தனியே தேடவேண்டிய பண்டமாகச் சமநிலையைக் கருதாது, பொதுநலமாகக் கருதியதன் பேறு அது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மருந்தியற் பேராசிரியராகவிருந்த சேனக பிபிலேயின் பணி இரண்டாவது சான்று. 1971இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் வழியே, இன்றியமையாத மருந்துகளைத் தெரிந்து, வணிகப் பெயரால் அன்றி மருந்தின் பெயராலேயே வாங்கும் கொள்கையை அவர் நிலைநிறுத்த முயன்றார். எல்லாருக்கும் எல்லாம் வழங்கவியலாத நாட்டில் எது முதலில் வேண்டும் என்ற வினாவே அக்கொள்கையின் உயிர். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் அரச வைத்தியசாலைகளில் இன்றியமையாத மருந்துகள் தட்டுப்பட்டபோது அவ்வினா மீண்டும் உயிர்பெற்றது. இரசாயனப் பொருளும், கருவியும், ஆய்வுகூடத்தார் நேரமும் ஓரளவே உள்ள சமூகத்தில், நலமுடையோர் மேலும் நலமுற எண்களைத் தேடும் வேட்கை தனிமனித விருப்பமாக மட்டும் நின்றுவிடுவதில்லை. தனியார் ஆய்வுகூடத்திற் பணம் கொடுத்துப் பெற்ற ஐயத்துக்குரிய ஓர் எண், அடுத்த நாள் இலவச வைத்தியசாலையின் நீண்ட வரிசையிலே இடம்பிடிக்கின்றது. அவ்விடம் பிறிதொருவருடையது.

‘தன் பணத்திற் தன்னுடலைத் தான் அறிய விரும்புவதைத் தடுக்க எவருக்கு உரிமை?’ என ஒருவர் வினவலாம். தடுக்கும் உரிமை எவருக்குமில்லை. தன்னை அறிதல் மெய்யியலின் பழம்பெரும் கட்டளையுமாகும். ஆனால் எண்ணை அறிதலும் தன்னை அறிதலும் ஒன்றல்ல. எண் ஒரு வினாவுக்கு விடையாக வரும்போது அது அறிவு. குடும்பத்தில் நீரிழிவு உண்டு, காரணமின்றி எடை குறைகின்றது, நாற்பதைக் கடந்தும் குருதியமுக்கம் அளக்கப்படவில்லை என்பன அத்தகைய வினாக்கள். வினாவின்றி வரும் எண் அச்சத்தையும், அச்சம் மேலும் எண்களையும் பெருக்கும். விடையைக் கொண்டு செய்யத்தக்கது யாது, அதனால் வாழ்வு திருந்துமெனக் காட்டப்பட்டுள்ளதா என்று அளப்பதற்கு முன்னரே கேட்டறிதல் வைத்தியருக்கும் அளக்கப்படுவோருக்கும் ஒப்பக் கடனாகும்.

இதுகாறும் கூறியவற்றால், அளவு நலத்தின் சான்றுகளுள் ஒன்றேயன்றி நலமாகாது என்பதும், உடலைப் பேணும் கடமை அதனைக் குறையற்றதாக்கும் கடமையாக நீளாது என்பதும் பெறப்படும். 1948இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் யாப்பு, உடல், உளம், சமூகம் என்ற மூன்றிலும் முழுமையான நன்னிலையே நலமென வரையறுத்தது. நோயின்மையோடு நின்றுவிடாது சமூகத்தையும் நலத்துட் கொணர்ந்தமை அவ்வரைவிலக்கணத்தின் பெருமை. ‘முழுமை’ என்ற சொல் அதன் குறை. முழுமையை வேண்டுவோர்க்கு எவரும் நலமுடையோரல்லர். எல்லோரும் ஏதேனும் ஒன்றை வாங்க வேண்டியோரே. குறையோடு கூடிய உடலிலிருந்துகொண்டே கற்கவும், உழைக்கவும், அன்பு செய்யவும், பிறர் துயர் தீர்க்கவும் மனிதனால் இயலும். அவற்றைச் செய்வதற்கே உடல் வேண்டப்படுகின்றது. அவற்றைச் செய்யவியலாதவாறு உடல் தடுக்கும்போதே மருத்துவம் வேண்டப்படுகின்றது. குருதியை அளக்கும் கருவிகள் இன்னும் நுட்பமாகும், எண்களும் பெருகும். அவற்றுள் எவற்றுக்குச் செவிசாய்ப்பது என்பதை எக்கருவியும் கூறப்போவதில்லை. அத்தெரிவு மனிதனிடமும், அவன் வாழும் சமூகத்திடமுமே எஞ்சிநிற்கும்.